காட்டு வெங்காயம், கொசு, மரக்கத்தி: இல்லினாயில் எட்டு நாள்

மே 1, வியாழன். நியூ சேலம்

லிங்கன் என்றதும் தாடியும் உயரத் தொப்பியும்தான் நினைவுக்கு வரும். இந்தப் பயணம் அதற்கு முந்தைய ஆளைத் தேடி. தாடி இல்லை, கழுத்துவரை கடன். 1832-இல் பிளாக் ஹாக் போருக்குத் திரண்ட இல்லினாய் குடிப்படையில் (ஊர்க்காரர்களே சேர்ந்த தற்காலிகப் படை) ஒரு மாதம் கேப்டன். 1834 தொடங்கி நான்கு முறை மாநிலச் சட்டமன்றத்தின் கீழவை உறுப்பினர். ஜனாதிபதி லிங்கனைக் காட்ட இந்த மாநிலத்தில் பத்தடிக்கு ஒரு பலகை உண்டு. கேப்டன் லிங்கனைப் பார்க்க வேண்டுமென்றால் சோள வயல்களுக்கு நடுவே வண்டி ஓட்டவேண்டும்.

ஸ்பிரிங்பீல்டுக்கு வடமேற்கே சுமார் 20 மைலில் நியூ சேலம். 1829-இல் முளைத்து 1840-க்குள் காலியான ஊர். மாவட்டத் தலைமை பக்கத்து பீட்டர்ஸ்பர்க்குக்குப் போனதும், இங்கிருந்தவர்கள் வீட்டையே பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது நிற்கும் மரக்கட்டை வீடுகள் பெரும்பாலும் 1930களில் எழுப்பியவை. பீப்பாய் செய்யும் ஆன்ஸ்டாட்டின் பட்டறை ஒன்றுதான் அசல். அதையும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து 1922-இல் திரும்பக் கொண்டுவந்து வைத்தார்கள். அந்தப் பட்டறையில் மரச்சீவலை எரித்த வெளிச்சத்தில் லிங்கன் படித்ததாகச் சொல்வார்கள்.

கீழே சங்கமன் ஆறு. நிறம் தேநீர் போல, ஆழமும் ஒன்றும் பெரிதில்லை. 1831 ஏப்ரலில் லிங்கன் வந்த தட்டைப் படகு இங்கிருந்த ஆலை அணையில் மாட்டிக்கொண்டது. முன்பாதி அணையைத் தாண்டித் தொங்க, பின்பாதியில் தண்ணீர் ஏறியது. சரக்கில் ஒரு பகுதியைக் கரையில் இறக்கினார்கள், மீதியை முன்னே உருட்டினார்கள், தண்ணீரும் முன்பக்கம் ஓடிவந்தது. மூக்கில் துளை போட்டு வடித்து, துளையை அடைத்து, படகைத் தாண்டவிட்டார்கள். அடுத்த வசந்தத்தில் ‘டாலிஸ்மன்’ என்ற நீராவிப் படகு இதே ஆற்றில் ஸ்பிரிங்பீல்டு பக்கம் வரை ஏறியது. திரும்பும்போது தண்ணீர் வடிந்துவிட, அணையின் ஒரு பகுதியை உடைத்துத்தான் வெளியேற முடிந்தது. அதை ஓட்டிக் கொண்டுபோனவர்களில் லிங்கனும் ஒருவர், கூலி 40 டாலர். 1832 மார்ச்சில் அவர் வெளியிட்ட முதல் தேர்தல் அறிக்கையின் முக்கிய வாக்குறுதி என்ன தெரியுமா? இந்த ஆற்றைச் சீர்படுத்திப் படகு விடுவது. ஆற்றை நேரில் பார்த்தபின் அந்த வாக்குறுதி கொஞ்சம் சிரிப்பு மூட்டுகிறது.

நுழைவுக்குக் கட்டணம் இல்லை, நன்கொடைப் பெட்டி இருக்கிறது. தபால் நிலையமாக இருந்த கடையில் பழைய கணக்கை விசாரியுங்கள். லிங்கன் 1833 முதல் 1836 வரை இங்கே தபால் அதிகாரி. ஒற்றைத் தாள் கடிதம் 30 மைல் வரை 6 சென்ட், 400 மைலுக்கு மேல் 25 சென்ட். இரண்டு தாள் என்றால் இரு மடங்கு. கொடுப்பது பெரும்பாலும் பெறுபவர்தான். காசில்லை என்று கடிதத்தைத் திருப்பிவிட்டவர்கள் ஏராளம்.

இரவு பீட்டர்ஸ்பர்க்கில் பன்றி இறைச்சி டெண்டர்லாயின் சாண்ட்விச். தட்டித் தட்டி மெலிதாக்கி, ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்தது. பன் நடுவில் பொத்தான் மாதிரி உட்கார்ந்திருக்க, இறைச்சி நான்கு பக்கமும் தொங்கியது. 13 டாலர்.

மே 2. ரிச்லாண்ட் ஓடை, பியர்ட்ஸ்டவுன்

காலையில் மழை. வழிகாட்டிச் செயலி ஆற்றங்கரை ஜல்லி ரோட்டைக் காட்டியது. நான்கு மைல் போனபின் ‘சாலைமேல் தண்ணீர்’ என்ற பலகை, அதற்கப்பால் சாலையே இல்லை. வசந்தத்தில் சங்கமன் படுகையில் இது வழக்கமாம். எண் போட்ட மாநில நெடுஞ்சாலையிலேயே போவது நல்லது. எதிரே வரும் பிக்கப் ஓட்டுநர்கள் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் இரண்டு விரலை மட்டும் உயர்த்துவார்கள். அதுதான் இங்கே வணக்கம். பதிலுக்கு நாமும் உயர்த்தவேண்டும். முழுக்கையை ஆட்டினால் ஏதோ ஆபத்து என்று நிறுத்திவிடுகிறார்கள்.

ரிச்லாண்ட் ஓடைப் பக்கம் பார்க்க ஒன்றுமில்லை, உழுத கறுப்பு மண் மட்டும். ஆனாலும் நிற்கவேண்டிய இடம். 1832 ஏப்ரல் 21 அன்று இங்கே ஒரு பண்ணையில் குடிப்படைக் கம்பெனி கேப்டனைத் தேர்ந்தெடுத்தது. வாக்குச்சீட்டெல்லாம் கிடையாது. வேட்பாளர்கள் தள்ளித் தள்ளி நிற்க, பிடித்தவர் பின்னால் போய் நிற்கவேண்டும். எதிரில் நின்றவர் மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த கிர்க்பாட்ரிக். முன்பு லிங்கனிடம் வேலை வாங்கிவிட்டு இரண்டு டாலர் பாக்கி வைத்தவர் என்று ஊர்க்கதை. லிங்கன் பின்னால் நின்ற வரிசை நீண்டது, கிர்க்பாட்ரிக் பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக இந்தப் பக்கம் நகர்ந்தார்கள். 1859-இல், நாடே அறிந்த அரசியல்வாதியான பிறகு எழுதிய தன்குறிப்பில், அதற்குப் பின் வந்த எந்த வெற்றியும் இவ்வளவு மகிழ்ச்சி தரவில்லை என்றார்.

குடிப்படையும் சட்டமன்றமும் இரண்டு தனி வாழ்க்கை என்று எண்ணத் தோன்றும். அன்றைய இல்லினாயில் இரண்டும் ஒரே பிழைப்பு. சட்டமன்றத் தேர்தலும் அப்போது வாய்மொழிதான்: எழுத்தர் முன்னால் போய், ஊரார் காதுபட வேட்பாளர் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். 1848 அரசியலமைப்பு வரும்வரை அப்படித்தான். யார் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். போரிலிருந்து திரும்பி ஆகஸ்டில் நின்ற முதல் தேர்தலில் லிங்கன் தோற்றார், 13 பேரில் எட்டாம் இடம். ஆனால் நியூ சேலம் வாக்குச்சாவடியில் மட்டும் 300-இல் 277 பெற்றார். 1834-இல் ஜெயித்தார்.

பியர்ட்ஸ்டவுன் இல்லினாய் ஆற்றின் கரையில், வெள்ளத்தடுப்புச் சுவருக்குள் இருக்கும் ஊர். ஆளுநர் ரெனால்ட்ஸ் குடிப்படையைத் திரளச் சொன்ன இடம். ஏப்ரல் 28-இல் லிங்கனின் கம்பெனி இங்கே பதிவானது. குதிரை அவரவர் கொண்டுவருவது. லிங்கனிடம் குதிரை இல்லை, இரவல் வாங்கினார். கம்பெனியின் முதல் சார்ஜன்ட் ஜாக் ஆம்ஸ்ட்ராங், நியூ சேலத்தில் லிங்கனோடு மல்லுக்கட்டிய அதே முரடர். 26 வருடம் கழித்து, ஆம்ஸ்ட்ராங்கின் மகன் டஃப்மீது கொலைக் குற்றம் வந்தபோது லிங்கன் இதே பியர்ட்ஸ்டவுன் நீதிமன்றத்தில் காசு வாங்காமல் வாதாடினார். நிலா வெளிச்சத்தில் பார்த்தேன் என்ற சாட்சியைப் பஞ்சாங்கத்தைக் காட்டி மடக்கினார். விடுதலை. அந்தச் செங்கல் கட்டடம் சதுக்கத்தில் நிற்கிறது.

ஊரில் பெரிய இறைச்சி ஆலை இருப்பதால் மெக்சிகோ, மேற்கு ஆப்பிரிக்கா என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வந்து குடியேறியிருக்கிறார்கள். மளிகைக் கடையின் பின்புறத்தில் நாக்குக்கறி டாகோ மூன்று 9 டாலர். பச்சை மிளகாய்ச் சட்னியைத் தனிக் கிண்ணத்தில் கேட்டதும் கடைக்காரம்மா முகத்தில் ஒரு மலர்ச்சி. இந்த எட்டு நாளில் நாக்கு நிஜமாகக் காரம் கண்டது இங்கேதான்.

மே 3. டிக்சன்

நாள் முழுக்க வடக்கே ஓட்டம். 1832-இல் படை நேராக வரவில்லை. மிசிசிப்பிக் கரைக்குப் போய், அங்கிருந்து ராக் ஆறு கலக்கும் இடத்துக்கு ஏறி, பிறகு ஆற்றோரமாக டிக்சன் துறைக்கு வந்தது. காரணம் சோறு. உணவும் வெடிமருந்தும் படகில்தான் வரும். படகு ஏறும் வேகத்துக்குமேல் படை போனால் பட்டினி. படகுக்காகக் காத்திருந்தாலும் பட்டினிதான்.

எதிரி என்று சொல்லப்பட்டவர் சாக் என்ற செவ்விந்திய மக்களின் தலைவர் பிளாக் ஹாக். நிலத்தை விட்டுக்கொடுத்ததாகச் சொல்லும் 1804 ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களை மிசிசிப்பிக்கு மேற்கே தள்ளினார்கள். அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது அவர் வாதம். 1832 ஏப்ரலில் பெண்கள், குழந்தைகள் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்டோருடன் ஆற்றைக் கடந்து திரும்பி வந்தார். போர் என்று பெயர் வைத்தார்கள்.

ராக் ஆற்றின் வடகரையில், கோட்டை இருந்த இடத்தில், லியனார்டு குருனெல் வடித்த இளம் லிங்கன் சிலை, 1930-இல் வைத்தது. தாடி இல்லாததால் பக்கத்தில் நின்றவர்களே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். (ரொனால்ட் ரீகன் சிறுவயதில் வாழ்ந்த வீடும் இதே ஊரில். கூட்டம் அங்கேதான்.)

கேப்டனாக லிங்கனின் தகுதி சுமார்தான், அதை அவரே ஒளிக்கவில்லை. அகல வரிசையில் வந்த கம்பெனியை ஒரு வேலிக் கதவுக்குள் நுழைக்க நீள வரிசையாக மாற்றவேண்டும். அதற்கான ஆணை மறந்துபோயிற்று. ‘கம்பெனி இரண்டு நிமிடம் கலைகிறது, கதவுக்கு அந்தப்பக்கம் மறுபடி கூடவும்’ என்று சமாளித்தார். முகாமுக்குள் துப்பாக்கி வெடித்ததற்காக ஒருநாள் அவருடைய வாள் பறிக்கப்பட்டது. இன்னொரு முறை ஆட்கள் அதிகாரிகளின் விஸ்கியைத் திருடிக் குடித்துக் காலையில் எழ முடியாமல் கிடக்க, கேப்டனுக்கு இரண்டு நாள் மரக்கத்தி கட்டிக்கொள்ளும் தண்டனை. கோளாறின் வேர் தேர்தலிலேயே இருக்கிறது. ஓட்டுப் போட்டு உன்னைக் கேப்டனாக்கியவன் பக்கத்து வீட்டுக்காரன். ஆகஸ்டில் அவனிடமே மறுபடி ஓட்டுக் கேட்கப் போகவேண்டும். அவனை எப்படிக் கட்டிவைத்து அடிப்பாய்?

மாலை 9 டிகிரி, ஆற்றுக்காற்று. மே மாதம் என்று நம்பிக் கம்பளி எடுத்துவராதது தப்பு.

மே 4. ஆரிகன், ஸ்டில்மன் வேலி, கெல்லாக்ஸ் குரோவ்

ஆரிகன் ஊருக்கு எதிரே பாறை முகட்டில், லொராடோ டாஃப்ட் கான்கிரீட்டில் எழுப்பிய செவ்விந்தியர் சிலை, 48 அடி. ஊரில் எல்லாரும் ‘பிளாக் ஹாக் சிலை’ என்பார்கள், முகம் அவருடையதல்ல. கைகட்டி ஆற்றைப் பார்த்து நிற்கிறது. நல்ல நடைபாதை, ஆனால் புல்லுக்குள் கால்வைத்தால் உண்ணி. கால்சட்டை நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள். வண்டிக்குத் திரும்பியதும் முழங்கால் பின்புறத்தைப் பாருங்கள். அப்படிப் பார்த்ததில் இரண்டு கிடைத்தன.

ஸ்டில்மன் வேலி ஒரு தெரு ஊர். 1832 மே 14 மாலை மேஜர் ஸ்டில்மனின் சுமார் 275 குடிப்படையினர் இங்கே முகாமிட்டார்கள். பிளாக் ஹாக் வெள்ளைக்கொடியோடு மூன்று பேரை அனுப்பினார், என்ன நடக்கிறதென்று தூரத்திலிருந்து பார்க்க இன்னும் ஐந்து பேரை. தூரத்தில் நின்றவர்களைப் பார்த்ததும் கட்டுப்பாடில்லாத குதிரைக்காரர்கள் துரத்திச் சுட்டார்கள். சமாதானம் செத்தது. பிளாக் ஹாக் சுமார் 40 பேரோடு திருப்பித் தாக்க, இருட்டில் ஆயிரம் பேர் வருவதாக எண்ணிப் படை டிக்சன் வரை ஓடியது. 12 பேர் இறந்தார்கள். லிங்கனின் கம்பெனி சண்டையில் இல்லை. மறுநாள் வந்து புதைத்தவர்களில் இருந்தது. ஊருக்கு நடுவே உயரமான கல்தூணின் உச்சியில் ஒரு சிப்பாய். கீழே கல்லறைகள். பக்கத்து வீட்டில் ஒருவர் புல்வெட்டிக்கொண்டிருந்தார். ஆட்கள் நிற்பதைப் பார்த்ததும் இயந்திரத்தை அணைத்துவிட்டு, போகும்வரை காத்திருந்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை.

மே கடைசியில் 30 நாள் முடிந்ததும் படை கலைந்தது. லிங்கன் வெறும் சிப்பாயாக மறுபடி சேர்ந்தார்: முதலில் 20 நாள் ஐல்ஸ் கம்பெனியில், பிறகு 30 நாள் ஏர்லியின் ஒற்றர் கம்பெனியில். அப்போது அவரைப் பதிவேட்டில் சேர்த்த இளம் ராணுவ அதிகாரி ராபர்ட் ஆண்டர்சன். 1861-இல், உள்நாட்டுப் போர் தொடங்கிய சம்டர் கோட்டையைக் காத்துநின்றது அவர்தான்.

கெல்லாக்ஸ் குரோவ் இன்னும் மேற்கே, கென்ட் கிராமத்துக்குப் பக்கம். ஜூன் 25 சண்டையில் இறந்த ஐவரைப் புதைக்க ஏர்லியின் கம்பெனி உதவியது. காலைச் செவ்வெயிலில் ஒவ்வொரு தலையுச்சியிலும் உச்சித்தோலை உரித்த இடத்தில் டாலர் நாணயம் அளவு சிவப்பு வட்டம் இருந்ததை லிங்கன் பின்னாளில் சொல்லியிருக்கிறார். போரில் அவர் கண்டது இதுதான், பிணங்கள். ஜூலை 10 அன்று விஸ்கான்சினில் விடுவிக்கப்பட்டார். முந்தின இரவு குதிரை திருடுபோயிற்று. பியோரியா வரை நடையும் நண்பர்களின் குதிரையும், அங்கிருந்து ஹவானா வரை சிறுபடகு, பிறகு நடை. 1848-இல் நாடாளுமன்றத்தில் இன்னொருவரின் போர்ப்பெருமையைக் கிண்டலடிக்கும்போது, நானும் காட்டு வெங்காயத்தின்மேல் படையெடுத்தேன், கொசுக்களோடு ரத்தம் சிந்தினேன் என்றார்.

மே 6, செவ்வாய். வண்டாலியா

நேற்று முழுக்கத் தெற்கே ஓட்டம், எழுத ஒன்றுமில்லை. பெட்ரோலுக்கு 41 டாலர்.

காலை பத்து மணிக்கு வழியில் ஒரு ஊரில் சைரன் அலறியது. வானம் வேறு கறுத்திருந்தது. சூறாவளி என்று காபிக்கடையில் பதுங்கப் பார்த்தால் எல்லாரும் சாவகாசமாகச் சாப்பிடுகிறார்கள். மாதத்தின் முதல் செவ்வாய் பத்து மணிக்குச் சோதனை ஒலியாம். “நிஜச் சூறாவளி செவ்வாய் பத்து மணிக்கு வந்தா நாங்க எல்லாரும் காலி,” என்றாள் பரிமாறிய பெண்.

1834 நவம்பரில் லிங்கன் கோல்மன் ஸ்மூட் என்ற பண்ணைக்காரரிடம் 200 டாலர் கடன் வாங்கி, அதில் 60-க்குக் கோட்டுசூட்டு தைத்துக்கொண்டு, கோச்சுவண்டியில் அன்றைய மாநிலத் தலைநகரான இங்கே வந்தார். ஸ்பிரிங்பீல்டிலிருந்து இன்று ஒன்றரை மணி நேரம், அன்று இரண்டு நாள். உறுப்பினருக்குப் படி நாளுக்கு 3 டாலர்.

இன்று நிற்கும் வெள்ளைச் சட்டமன்றக் கட்டடம் 1836 கோடையில் அவசரமாகக் கட்டியது. தலைநகர் கைநழுவும் என்ற பயத்தில் ஊர்க்காரர்களும் பணம் போட்டார்கள், சுமார் 16,000 டாலர். டிசம்பரில் கூட்டம் தொடங்கும்போது சுவர்ப்பூச்சு இன்னும் காயவில்லை. கீழே நீதிமன்றமும் அலுவலகங்களும், மேலே இரு அவைகள். மேசையில் இறகுப்பேனா, மை உறிஞ்ச மணல்பெட்டி, மெழுகுவத்தி. மூலையில் விறகடுப்பு. அடுப்பருகே உட்கார்ந்தவன் வேக, ஜன்னலருகே உட்கார்ந்தவன் நடுங்கியிருப்பான். ஸ்பிரிங்பீல்டின் பளிங்கையும் அருங்காட்சியகப் பொம்மைகளையும்விட இந்த அறைதான் சட்டமன்ற உறுப்பினர் லிங்கனைப் புரியவைக்கிறது. இவ்வளவு சின்ன அறையில் ரகசியம் தங்காது. எந்த மூலையில் யார் யாரோடு பேசினார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சங்கமன் மாவட்டத்திலிருந்து வந்தவர்கள் ஒன்பது பேர், சராசரி ஆறடி, கூட்டினால் 54 அடி. ‘நெட்டை ஒன்பது’ என்று பெயர். அவர்கள் நோக்கம் தலைநகரை ஸ்பிரிங்பீல்டுக்குக் கடத்துவது. ஆதரவு திரட்டிய அதே வாரத்தில் நிறைவேறியதுதான் உள்நாட்டு மேம்பாட்டுச் சட்டம்: ரயில், கால்வாய், ஆறு என்று ஒரு கோடி டாலருக்கு மேல் கடன். எந்தத் திட்டமும் கிடைக்காத மாவட்டங்களுக்குப் பிரித்துக்கொடுக்க 2 லட்சம். உன் ஊருக்கு ரயில், என் ஊருக்குத் தலைநகர் என்ற பேரம் நடந்ததா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 1837 பிப்ரவரி 28 அன்று நான்காவது சுற்றில் ஸ்பிரிங்பீல்டு 73 ஓட்டில் வென்றது. அன்றிரவு விருந்தின் கணக்குச் சீட்டு தப்பிப் பிழைத்திருக்கிறது: 81 பாட்டில் ஷாம்பெய்ன், சிப்பி, பாதாம், திராட்சை, சுருட்டு. மொத்தம் 223 டாலர் 50 சென்ட், அதில் உடைந்த சாமானுக்கு 2 டாலர். பணம் கட்டியவர் அந்த ஒன்பது பேரில் ஒருவரான நினியன் எட்வர்ட்ஸ்.

அதே ஆண்டு நிதி நெருக்கடி வந்தது. எல்லா ரயில் பாதையையும் ஒரே நேரத்தில், துண்டுதுண்டாகத் தொடங்கியதால் எதுவும் முடியவில்லை, வருமானமும் இல்லை. முடிந்தது ஒன்றுதான்: மெரிடோசியாவிலிருந்து ஸ்பிரிங்பீல்டு வரை. அதையும் 1847-இல் 21,100 டாலருக்கு ஏலத்தில் விற்றார்கள். மாநிலம் வட்டி கட்ட முடியாமல் தவித்தது. லிங்கனோ கடைசிவரை திட்டத்தைக் கைவிடாதவர். அவர் புகழ்பாடிகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள்.

அதே கூட்டத்தொடரின் மார்ச் 3-இல் அவரும் டேன் ஸ்டோனும் மட்டும், அடிமைமுறை அநீதியிலும் தவறான கொள்கையிலும் நிற்பது என்று எதிர்ப்பைப் பதிவுசெய்தார்கள். தலைநகர் ஓட்டு கைக்கு வந்த பிறகு என்பதையும் தேதியைப் பார்ப்பவர் கவனிப்பார்.

மே 7. ஸ்பிரிங்பீல்டு

பழைய தலைமைச் சட்டமன்றம் பழுப்புமஞ்சள் கல்லில், ஜான் ரேக் வடிவமைத்தது. 1837 ஜூலை 4 அன்று அடிக்கல். பின்னாளில் மாவட்ட நீதிமன்றமானபோது கட்டடத்தையே தூக்கி அடியில் ஒரு தளம் செருகினார்கள். 1960களில் எல்லாவற்றையும் கழற்றி, கல்லுக்குக் கல் எண் போட்டு, பழைய உருவில் மறுபடி அடுக்கினார்கள். அடியில் இப்போது கார் நிறுத்துமிடம்.

ஜன்னல் கதைக்கு இங்கே தெளிவு தேவை. லிங்கன் வண்டாலியாவில் மாடியிலிருந்து குதித்தார் என்று பலர் நம்புகிறார்கள். நடந்தது ஸ்பிரிங்பீல்டில், 1840 டிசம்பர் 5 அன்று. இந்தக் கட்டடம் முடியாததால் அவை ஒரு தேவாலயத்தில் கூடியது. கூட்டத்தொடரை முடித்துவிட்டால் மாநில வங்கி தன் நோட்டுகளுக்குத் தங்க, வெள்ளி நாணயம் கொடுக்கவேண்டிவரும். அதைத் தடுக்க லிங்கனின் விக் கட்சியினர் வெளிநடப்பு செய்து குறைந்தபட்ச எண்ணிக்கையை உடைக்க நினைத்தார்கள். அவர்கள் வெளியேறாதபடி கதவைப் பூட்டிவிட்டார்கள். லிங்கனும் இரண்டு பேரும் ஜன்னல் வழியே குதித்தார்கள். தலையெண்ணல் அதற்குள் முடிந்திருந்தது, குதித்தது வீண். இவ்வளவு நீளக் காலுக்கு அந்த ஜன்னல் உயரமே இல்லை என்று எதிர்க்கட்சிப் பத்திரிகை கேலி செய்தது. 1838, 1840 இரண்டு முறையும் அவைத்தலைவர் பதவிக்கு நின்று தோற்றார். இரு முறையும் வென்றவர் யூயிங், அவரும் பிளாக் ஹாக் போர் அதிகாரி.

மதியம் ‘குதிரைலாடம்’. 1928-இல் இந்த ஊர் ஓட்டல் ஒன்றில் பிறந்த பண்டம். தடித்த ரொட்டி, மேலே இறைச்சி, மேலே மலைபோல் உருளை வறுவல், எல்லாவற்றையும் மூழ்கடிக்கும் பாலாடைக்கட்டிக் குழம்பு. 16 டாலர். பாதி அளவுக்கு ‘குட்டிக்குதிரை லாடம்’ என்று கேட்கலாம். கேட்டிருக்கவேண்டும்.

மே 8. ஆல்டன்

மிசிசிப்பி கலங்கலாக, கரை தொட்டு ஓடுகிறது. 1842-இல் மாநிலத் தணிக்கையாளர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸ், மாநில வங்கி நோட்டை வரிக்கு வாங்கமாட்டோம் என்றார். லிங்கன் பொய்ப்பெயரில் பத்திரிகையில் அவரைக் கிழித்தார். ஷீல்ட்ஸ் இருவர் சண்டைக்குச் சவால்விட்டார். ஆயுதம் தேர்வது சவாலுக்கு ஆளானவரின் உரிமை. லிங்கன் எழுதிய நிபந்தனைகளில் பழைய கேப்டன் தெரிகிறார்: ஜாக்சன்வில் குதிரைப்படைக் கம்பெனி வைத்திருக்கும் ரகத்தில் மிகப் பெரிய வாள்கள். நடுவே பத்தடி நீளம், ஒன்பது முதல் பன்னிரண்டு அங்குல அகலத்தில் ஒரு பலகை, விளிம்பு மேலாக நட்டது. அதைத் தாண்டிக் கால் வைத்தால் உயிர் போகும். பின்னால் வாளின் நீளத்தோடு மூன்றடி கூட்டி ஒரு கோடு, அதற்குப் பின்வாங்கினால் தோல்வி. லிங்கன் 6 அடி 4 அங்குலம், ஷீல்ட்ஸ் 5 அடி 9 அங்குலம். கையின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டால் இந்த அளவுகள் எதற்கென்று விளங்கும்.

இல்லினாயில் இருவர் சண்டைக்குத் தடை. ஆகவே செப்டம்பர் 22 அன்று ஆற்றைக் கடந்து மிசௌரிப் பக்கத் தீவுக்குப் போனார்கள். குடிப்படைத் தளபதியும் சட்டமன்ற உறுப்பினருமான ஜான் ஹார்டின் வந்து சமரசம் பேசி நிறுத்தினார். (ஐந்து வருடத்தில் அவர் மெக்சிகோ போரில், புவேனா விஸ்டாவில் இறந்தார்.) பாலம் தாண்டினால் இருவர் பெயரிலும் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா. வெயில் 27 டிகிரி, கெளுத்தி வறுவல் 14 டாலர். தூண்டில் போட்டிருந்த கிழவரிடம் தீவு எது என்று கேட்டதற்கு, தண்ணீரை மோவாயால் காட்டிவிட்டு மறுபடி மிதவையைப் பார்க்கத் தொடங்கினார். கொசு கடிக்கத் தொடங்கியதும் வண்டிக்குத் திரும்பியாயிற்று.